தரம் ஒன்றிலேயே மூடப்படும் கதவு: மலையகப் பிள்ளைகளும் பாடசாலை அனுமதி விதிகளும்

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் நமது ஊடகங்களில் இரண்டு விடயங்கள் இடம்பிடிக்கின்றன. முதலில், கூடிய புள்ளி பெற்ற பிள்ளைகளின் புகைப்படங்கள். பிறகு, பிரபல பாடசாலைகளின் வெட்டுப்புள்ளிப் பட்டியல். அத்தோடு பேச்சு அடங்கிவிடுகிறது. வெட்டுப்புள்ளியைத் தொடாத பிள்ளை தரம் ஆறுக்கு எங்கே போகிறது, அங்கே போனால் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வழி உண்டா என்ற கேள்விகள் பத்திரிகைக்கு வருவதில்லை. அவை பெற்றோரின் வீட்டுக்குள்ளேயே கேட்கப்பட்டு, வீட்டுக்குள்ளேயே அமுங்கிப் போகின்றன.

கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்த நாளிலிருந்து மஸ்கெலியாப் பகுதியில் தமிழ் மொழி மூலம் கற்பித்து வருகிறேன். நல்லதண்ணியிலிருந்து வரும் பிள்ளைகளையும் பெற்றோரையும் நன்கறிவேன். பாடசாலை அனுமதி விதிகள் அநீதியானவை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. விதிகள் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அவை எதை அளக்கின்றன என்பதில்தான் பிரச்சினை இருக்கிறது. காணி உறுதி, வாக்காளர் இடாப்பு, வரைபடத்தில் கோடு போட்டு அளக்கும் தூரம், பெற்றோர் படித்த பாடசாலை ஆகியவற்றை அளக்கும் விதி, காணியில்லாத மக்களின் பிள்ளைகளைத் தன்பாட்டிலேயே பின்னால் தள்ளிவிடும். அதற்கு எவரும் பாகுபாடு காட்டத் தேவையில்லை.

நல்லதண்ணி யாருடைய ஊர்?

சிவனொளிபாத மலைக்கு ஏறும் பாதை தொடங்கும் இடம் நல்லதண்ணி. நம்மவர்கள் அதைப் பாவா ஆதம் மலை என்பார்கள். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை யாத்திரைப் பருவம். அந்த ஐந்தாறு மாதங்களில் பஜார் இரவு பகலாக விழித்திருக்கும். மற்ற மாதங்களில் மழையும் பனியும் தேயிலையும்தான். சுற்றிலும் தோட்டங்கள். ஹட்டன் நகரத்துக்கு முப்பது கிலோமீட்டருக்கும் அதிகமான மலைப்பாதை.

2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 7 இலட்சத்து 11 ஆயிரம். அதில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் இந்திய வம்சாவளித் தமிழர்கள். முஸ்லிம்கள் ஏறத்தாழ இரண்டரை சதவீதம். நாம் ஒரே இடத்தில் செறிந்து வாழ்வதில்லை. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, நல்லதண்ணி என்று பஜார் பஜாராகச் சிதறியிருக்கிறோம். எனவே இந்தப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது தோட்டப் பிள்ளைகள் படிக்கும் அதே தமிழ்ப் பாடசாலைகளில்தான். தோட்டப் பிள்ளைக்கு அடைபடும் கதவு கடைக்கார நாநாவின் மகளுக்கும் சேர்த்தே அடைபடுகிறது. இதை நாம் இன்னமும் முழுமையாக விளங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

இடைநிலைக் கல்வி தீர்மானிக்கப்படுவது ஐந்து வயதில்

இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகள் நான்கு வகைப்படும். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ளவை 1ஏபி. கலை, வர்த்தகப் பிரிவுகள் மாத்திரம் உள்ளவை 1சி. தரம் பதினொன்றுடன் முடிபவை வகை இரண்டு. ஆரம்ப வகுப்புகளுடன் நின்றுவிடுபவை வகை மூன்று. தோட்டங்களுக்குள் இருப்பவற்றில் பெரும் பங்கு கடைசி இரண்டு வகைகளைச் சேர்ந்தவை.

1ஏபி பாடசாலைகளில் பல தரம் ஒன்றிலிருந்து தரம் பதின்மூன்று வரை ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. அங்கே தரம் ஒன்றில் சேர்ந்த பிள்ளைக்கு உயர்தரம் வரை வேறு அனுமதிப் போட்டி கிடையாது. சாதாரண தரம் சித்தியடைந்தால் போதும். வெளியிலிருந்து வரும் பிள்ளைக்கு இடையில் திறக்கும் பெரிய வாசல் ஒன்றுதான். அது தரம் ஆறு. அதன் சாவி புலமைப்பரிசில் பரீட்சையின் கையில் இருக்கிறது. ஆக, இடைநிலைப் பாடசாலை அனுமதி நியாயமானதா என்று பார்க்க விரும்புகிறவர் தரம் ஆறிலிருந்து தொடங்கினால் பாதிக் கதையைத்தான் பார்ப்பார். தரம் ஒன்றின் சுற்றுநிருபத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அண்மைய வருடங்களின் சுற்றுநிருபங்களின்படி தரம் ஒன்றின் இடங்கள் இப்படிப் பிரிக்கப்படுகின்றன: பாடசாலைக்கு அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு 50 சதவீதம், பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கனவே அங்கே கற்கும் பிள்ளைகளின் சகோதரர்களுக்கு 15, கல்வித்துறை ஊழியர்களின் பிள்ளைகளுக்கு 5, இடமாற்றம் பெற்ற அரச ஊழியர்களின் பிள்ளைகளுக்கு 4, வெளிநாட்டிலிருந்து திரும்பியோருக்கு 1.

பழைய மாணவர் 25, சகோதரர் 15 ஆகியவற்றைக் கூட்டினால் நாற்பது. நூற்றுக்கு நாற்பது இடங்கள் அந்தக் குடும்பம் ஏற்கனவே உள்ளே இருந்ததா என்பதைப் பார்த்துக் கொடுக்கப்படுகின்றன. தோட்டக் குடும்பங்களின் வரலாறு என்ன? 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையிடம் கொடுத்தது. 1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்டங்களின் கையிலேயே இருந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். இன்றைய பெற்றோரின் பெற்றோர் ஐந்தாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போனவர்கள். அந்தக் குடும்பத்திடம் நகரப் பாடசாலையின் பழைய மாணவர் சான்றிதழைக் கேட்பது, பாட்டன் காலத்தில் கிடைக்காத இடத்தைப் பேரனுக்கும் கிடைக்காமல் செய்வதாகும்.

உறுதி, இடாப்பு, தூரம்

மீதியிருக்கும் ஐம்பது சதவீதத்துக்கு வருவோம். அண்மையில் வசிப்பதை நிரூபிக்க மூன்று விடயங்கள் பார்க்கப்படுகின்றன. வீடு அல்லது காணியின் உறுதி, வாக்காளர் இடாப்பில் கடந்த ஐந்து வருடப் பதிவு, வீட்டிலிருந்து பாடசாலைக்கான தூரம். மின்சாரப் பட்டியல் போன்ற மேலதிக ஆவணங்களுக்குச் சிறிய அளவில் புள்ளிகள் உண்டு.

லயக் காம்பராவில் வசிப்பவரிடம் உறுதி இல்லை. காணி அரசாங்கத்துடையது, 1992க்குப் பிறகு அதன் முகாமை பெருந்தோட்டக் கம்பனிகளிடம். தொழிலாளி மூன்று நான்கு தலைமுறையாக அதே லயத்தில் வாழ்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் அங்கே தங்கியிருப்பவர் மாத்திரமே. பலருக்குத் தனி முகவரிகூட இல்லை. தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும்தான் முகவரி. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து சேரும். தனி வீடு கட்டிக் கொடுக்கப்பட்ட பலருக்கும் வீடு கைக்கு வந்து நெடுங்காலமாகியும் உறுதி வந்து சேரவில்லை.

நமது பஜார் குடும்பங்களின் நிலை வேறு விதமானது, ஆனால் முடிவு ஒன்றுதான். நல்லதண்ணியில் கடை வைத்திருக்கும் முஸ்லிம்களில் கணிசமானோர் கம்பளையிலிருந்தோ அக்குறணையிலிருந்தோ வந்தவர்கள். கடைக்குப் பின்னால் ஓர் அறை, மேல்மாடியில் ஓர் அறை, அதுதான் வீடு. வாடகை மாதா மாதம் கையில் கொடுக்கப்படுகிறது. பதிவு செய்த குத்தகை உடன்படிக்கை கிடையாது. வாக்கு இன்னமும் சொந்த ஊரில். இப்படிப்பட்ட ஒரு தந்தை, மகளைச் சேர்க்க நகரப் பாடசாலை ஒன்றின் நேர்முகப் பரீட்சைக்குப் போய்வந்து என்னிடம் சொன்னார்: "சேர், இங்க இருக்கிறதுக்கு உறுதி கேக்குறாங்க. ஊர்ல இருக்கிற உறுதியக் காட்டினா, அப்ப ஊர்லயே சேர்க்கச் சொல்றாங்க." பன்னிரண்டு வருடமாக அவர் இந்த மலையில் வாழ்கிறார். ஆவணங்களின்படி அவர் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை.

மூன்றாவது அளவுகோல் தூரம். அது ஆகாயவழியில் அளக்கப்படுகிறது. விண்ணப்பதாரரின் வீட்டை மையமாக வைத்து, விண்ணப்பிக்கும் பாடசாலை வரை வட்டம் போடுகிறார்கள். அந்த வட்டத்துக்குள் பிள்ளை சேரக்கூடிய வேறு ஆரம்பப் பிரிவுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறைக்கப்படும். கொழும்பிலோ குருநாகலிலோ இது ஓரளவுக்குப் பொருந்தலாம். மவுஸ்ஸாகலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களைச் சுற்றி வாழும் எங்களுக்கு அக்கரையில் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குப் போக நீரைச் சுற்றி நெடுந்தூரம் பஸ்ஸில் போக வேண்டும். ஆறு, களப்பு, சதுப்பு, காடு போன்ற இயற்கைத் தடைகளுக்கு அப்பால் இருக்கும் பாடசாலைகளுக்காகப் புள்ளி குறைக்கக் கூடாது என்று சுற்றுநிருபமே சொல்கிறது. நேர்கோட்டுத் தூரம் ஏமாற்றும் என்பது அமைச்சுக்குத் தெரியும் என்றுதானே இதற்கு அர்த்தம்? மலைச்சரிவும், மாலை நான்கு மணிக்குப் பிறகு வராத பஸ்ஸும் அந்தப் பட்டியலில் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் அந்த வட்டத்துக்குள் இருக்கும் பாடசாலைகள். மலையகத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் சிறு பாடசாலை உண்டு. அது துரைமார் காலத்து ஏற்பாட்டின் எச்சம். நல்லதண்ணியிலிருந்து ஹட்டனில் உள்ள ஒரு 1ஏபி பாடசாலைக்கு வட்டம் போட்டால் எத்தனை தோட்டப் பாடசாலைகள் அதற்குள் விழும் என்று எண்ணிப் பாருங்கள். அவற்றில் ஒன்றிலும் உயர்தர விஞ்ஞானம் இல்லாமல் இருக்கலாம். ஐந்தாம் தரத்துக்கு மேல் வகுப்பே இல்லாமலும் இருக்கலாம். ஆரம்பப் பிரிவு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒவ்வொன்றும் பிள்ளையின் புள்ளியைக் கழிக்கிறது. ஆரம்பக் கல்வியை மாத்திரம் பார்த்தால் இந்தக் கணக்கு சரி. ஆனால் தரம் ஒன்றின் இடம் தரம் பதின்மூன்று வரையான இடம் என்று வைத்துக்கொண்டு, தூரத்தை மாத்திரம் தரம் ஐந்து வரைக்கும் அளப்பது எந்த வகையில் நியாயம்?

2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வா புயலும் மண்சரிவுகளும் இந்தக் கேள்வியை மேலும் கூர்மையாக்கியிருக்கின்றன. வீட்டை இழந்து உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் குடும்பத்துக்கு ஐந்து வருட வதிவிடம் என்பது என்ன?

புலமைப்பரிசில் என்ற ஒற்றையடிப் பாதை

தரம் ஒன்றில் தவறவிட்ட பிள்ளைக்குப் புலமைப்பரிசில் இருக்கிறதே என்பார்கள். கன்னங்கரா காலத்தின் எண்ணமும் அதுதான். கிராமத்து ஏழைப் பிள்ளை திறமையின் பேரில் மத்திய கல்லூரிக்குப் போகட்டும் என்பது அன்றைய நோக்கம். இன்று அந்தப் பரீட்சை இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உதவிப்பணம். அதற்கான வெட்டுப்புள்ளி மாவட்ட அடிப்படையிலும் மொழி மூல அடிப்படையிலும் தீர்மானிக்கப்படுகிறது. மற்றது, பிரபல பாடசாலைகளின் தரம் ஆறு அனுமதி. அதற்கு ஒவ்வொரு பாடசாலைக்கும் தனித்தனி வெட்டுப்புள்ளி உண்டு. அந்த வரிசையில் நல்லதண்ணிப் பிள்ளை கண்டி நகரத்துப் பிள்ளைக்குப் பக்கத்தில் எந்தச் சலுகையும் இன்றி நிறுத்தப்படுகிறது.

மாவட்ட அடிப்படையும் எங்களுக்கு அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. நுவரெலியா மாவட்டம் என்பது ஒரே நிறமல்ல. நுவரெலியா நகரத்திலும் ஹட்டன் நகரத்திலும் தரம் மூன்றிலிருந்தே டியூஷன் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தோட்டப் பாடசாலையில் ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் நாட்கள் இருக்கின்றன. இருவருக்கும் மாவட்டம் ஒன்று, வெட்டுப்புள்ளி ஒன்று.

வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் கதையும் அத்தோடு முடிவதில்லை. பத்து வயதுப் பிள்ளையை எங்கே தங்க வைப்பது? உதவிப்பணம் விடுதிச் செலவுக்குக் காணாது. நமது குடும்பங்கள் மகனைக் கம்பளை ஸாஹிராவுக்கோ மாவனல்லை ஸாஹிராவுக்கோ அனுப்பி மாமி வீட்டில் தங்க வைக்கும். மகள் என்றால் பக்கத்திலேயே படிக்கட்டும் என்று முடிவாகும். பக்கத்தில் என்றால் தரம் பதினொன்றுடன் நிற்கும் பாடசாலை. இப்படி ஒரு பெண் பிள்ளையின் வைத்தியத் துறைக் கனவும் பொறியியல் கனவும் எந்தப் பரீட்சையிலும் தோற்காமலேயே முடிந்துபோகின்றன.

பல்கலைக்கழக வாசலில் மாத்திரம் நினைவுக்கு வரும் பின்தங்கல்

பல்கலைக்கழக அனுமதியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான துறைகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் ஒன்று. அதாவது இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் சமமான தொடக்கப் புள்ளியில் இல்லை என்பதை அரசாங்கமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த ஏற்பு பத்தொன்பது வயதில்தான் அமுலுக்கு வருகிறது. ஐந்து வயதிலும் பத்து வயதிலும் இல்லை. விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைக்குள் நுழைந்தவருக்கே இந்தச் சலுகை பயன்படும். நுழைய முடியாதவருக்கு அது அடுத்தவர் வீட்டு விருந்து.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு மாணவரின் மாவட்டத்தைத் தீர்மானிக்கும்போது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பிரதானமாகப் பார்ப்பது பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் அவர் கற்ற பாடசாலை எங்கே இருக்கிறது என்பதை. பெற்றோரின் உறுதியை அல்ல. வெளி மாவட்டத்தவர்கள் குறைந்த வெட்டுப்புள்ளிக்காக இங்கே வந்து பரீட்சை எழுதுகிறார்கள் என்ற முறைப்பாடு மலையகத்தில் பழையது. அதைத் தடுக்கவும் இந்த நிபந்தனையே உதவுகிறது. உறுதி கேட்காமலும் மோசடியைக் கட்டுப்படுத்த முயலலாம் என்பதற்கு நமது நாட்டிலேயே இது உதாரணம்.

அறுபது வருடம் பழைய சமய விகிதாசாரம்

நமது வாசகர்கள் அதிகம் அறியாத ஒரு விதி இருக்கிறது. 1960, 1961 சட்டங்களின் மூலம் உதவி நன்கொடை பெற்ற மிஷன் பாடசாலைகளும் ஏனைய சமய நிறுவனங்களின் பாடசாலைகளும் அரசாங்கத்தால் பொறுப்பேற்கப்பட்டன. அவ்வாறு பொறுப்பேற்கப்பட்ட பாடசாலைகளில், பொறுப்பேற்ற நேரத்தில் எந்தச் சமயத்துப் பிள்ளைகள் எந்த விகிதத்தில் இருந்தார்களோ அதைக் கருத்தில் கொண்டே தரம் ஒன்றின் இடங்கள் பிரிக்கப்பட வேண்டும். ஒரு சமயத்தாரின் விண்ணப்பங்கள் குறைவாக இருந்தால் எஞ்சிய இடங்கள் மற்றவர்களுக்கு விகிதப்படி போகும்.

இந்த விதிக்கு ஒரு நியாயம் உண்டு. ஒரு சமூகம் தன் காசில் கட்டிய பாடசாலையை அரசாங்கத்திடம் இழந்தபோது அதன் பிள்ளைகளுக்கான இடமாவது பறிபோகாமல் இருக்க அது உதவியது. நமது சமூகம் கட்டிய பாடசாலைகளுக்கும் அது பாதுகாப்பாக இருந்திருக்கிறது. எனவே அதை ஒரேயடியாகத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். ஆனால் மலையகத்தில் 1960களின் தொடக்கம் என்பது என்ன காலம்? 1948 குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களாக இருந்த காலம். தோட்டத்துக்குள்ளேயே பிள்ளைகளின் படிப்பு முடிந்த காலம். அன்றைய நகரப் பாடசாலையின் வகுப்பறையை எண்ணி எடுத்த விகிதம், அந்த மக்கள் வெளியே நிறுத்தப்பட்டிருந்தபோது எண்ணப்பட்ட விகிதம். குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தீர்ந்துவிட்டது. வகுப்பறை எண்ணிக்கை மாத்திரம் அந்தக் காலத்திலேயே நிற்கிறது. பஜார்களில் அன்று ஓரிரு குடும்பங்களாக இருந்த முஸ்லிம்களுக்கும் இது பொருந்தும்.

மறுபக்க வாதங்கள்

உறுதி கேட்காவிட்டால் போலி வாடகைப் பத்திரங்கள் குவிந்துவிடும் என்பது அதிபர்களின் அச்சம். அது வெறும் கற்பனையல்ல. பிரபல பாடசாலைகளைச் சுற்றி இப்படியான பத்திரங்கள் தயாராவதை நாடே அறியும். ஆனால் அதைச் செய்கிறவர் யார்? சட்டத்தரணிக்குக் காசு கொடுக்கவும், நகரத்தில் அறையொன்றைப் பெயருக்கு எடுக்கவும் வசதியுள்ளவர். லயத்தில் வாழ்பவரால் அது முடியாது. உறுதி என்ற நிபந்தனை வசதியுள்ள மோசடிக்காரரைத் தடுக்கவில்லை. வசதியற்ற உண்மையானவரையே தடுக்கிறது.

ஹட்டன் நகரத்துப் பெற்றோர் சொல்வதையும் கேட்க வேண்டும். தமது வீட்டுக்கு முன்னால் இருக்கும் பாடசாலையில் தமது பிள்ளைக்கு இடமில்லாமல் தூரத்துப் பிள்ளைக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். அது நியாயமான கேள்வி. இருக்கும் இடங்களைப் பங்கிடுவதோடு நின்றால் ஒரு பிள்ளையின் கண்ணீரைத் துடைத்து இன்னொரு பிள்ளையை அழவைக்கும் வேலைதான் நடக்கும். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியர்கள் நிலையாக இருந்தால் ஹட்டனுக்கான நெரிசல் தானாகக் குறையும்.

நமது சமூகத்துக்குள்ளிருந்து எழும் மூன்றாவது குரல், எங்களுக்கென்று தனி முஸ்லிம் பாடசாலை தாருங்கள் என்பது. ஆசை புரிகிறது. ஆனால் பஜாருக்கு இருபது முப்பது குடும்பங்கள் உள்ள இடத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுடன் தனிப் பாடசாலை எழாது. எழுந்தாலும் அது இன்னொரு சிறு ஆரம்பப் பாடசாலையாகி, மேலே சொன்ன வட்டத்துக்குள் நமது பிள்ளைகளின் புள்ளியைக் கழிக்கவே உதவும். இருக்கும் தமிழ் மொழி மூலப் பாடசாலைகளை உயர்த்தும்படி தோட்ட மக்களோடு சேர்ந்து கேட்பதே நமக்கும் இலாபம், நீதியும் அதுதான்.

என்ன கேட்கலாம்?

இந்த விதிகள் மாற்ற முடியாதவை அல்ல. 2007இல் உயர் நீதிமன்றம், அப்போதிருந்த தரம் ஒன்று அனுமதிச் சுற்றுநிருபம் அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை உறுதிசெய்யும் சமத்துவத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்த பிறகு விதிகள் மீள எழுதப்பட்டன. பிரதமரும் கல்வி அமைச்சருமான ஹரிணி அமரசூரிய கல்விச் சீர்திருத்தத்தை முன்னெடுக்கும் இந்தக் காலத்தில், பாடத்திட்டத்தைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. அனுமதியைப் பற்றியும் பேசியாக வேண்டும். என் கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, தோட்ட வீடுகளிலும் பஜார் வாடகை அறைகளிலும் வாழ்வோருக்கு, கிராம உத்தியோகத்தரும் தோட்ட நிர்வாகமும் உறுதிப்படுத்தும் வதிவிடச் சான்றிதழை உறுதிக்குச் சமமான முழுப் புள்ளியுடன் ஏற்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வீட்டுக்கே வந்து பார்க்கட்டும். பிள்ளை ஏற்கனவே கற்ற முன்பள்ளியின் பதிவையும், கிளினிக் அட்டையையும் சான்றாகப் பார்க்கலாம். பிள்ளை எங்கே வளர்ந்தது என்பதை அவை உறுதியைவிட நன்றாகச் சொல்லும்.

இரண்டாவது, உயர்தரம் வரையுள்ள பாடசாலைக்கு விண்ணப்பிக்கும்போது, உயர்தரம் இல்லாத பாடசாலைகளுக்காகப் புள்ளி குறைப்பதை நிறுத்த வேண்டும். மலைப் பிரதேசங்களில் தூரத்தைப் பாதை வழியாக அளக்க வேண்டும்.

மூன்றாவது, தரம் ஆறில் ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் முதல் நிலை பெறும் பிள்ளைக்கு அருகிலுள்ள 1ஏபி பாடசாலையில் இடம் உறுதிசெய்யப்பட வேண்டும். இது உலகத்தில் இல்லாத புதுமையல்ல. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997இல் கொண்டுவந்த சட்டம், ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்த மாணவருக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடம் தந்தது. தமிழ்நாடு 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதத்தை ஒதுக்கியது. இரண்டிலும் கேட்கப்பட்டது பிள்ளை எந்தச் சூழலில் படித்து மேலே வந்தது என்பதுதான். தகப்பனின் பெட்டியில் என்ன பத்திரம் இருக்கிறது என்று எவரும் கேட்கவில்லை.

நான்காவது, இடத்தோடு சேர்த்துப் பாதுகாப்பான விடுதியும், காலையிலும் மாலையிலும் நிச்சயமாக வரும் பஸ்ஸும் வேண்டும். இவை இல்லாத அனுமதிக் கடிதம் பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை வெறும் காகிதம்.

நமது பங்கு

அரசாங்கத்திடம் கேட்பதோடு நமது கடமை முடிவதில்லை. பள்ளிவாசல் நிர்வாகங்கள் செய்யக்கூடிய எளிய வேலைகள் இருக்கின்றன. பஜாரில் நிரந்தரமாக வாழும் குடும்பங்கள் வாக்காளர் பதிவைச் சொந்த ஊரில் வைத்திருக்காமல், வசிக்கும் இடத்துக்கு மாற்ற வேண்டும். ஐந்து வருடப் பதிவு கேட்கப்படுவதால், பிள்ளை பிறந்த வருடமே இதைச் செய்வது நல்லது. வாடகை வீட்டுக்கு எழுத்து மூல உடன்படிக்கை செய்து பதிவு செய்யுங்கள். வருடாந்த விண்ணப்பக் காலத்தில் ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம், படித்த இளைஞர்கள் இருவர் அமர்ந்து படிவங்களை நிரப்ப உதவினால், நிராகரிக்கப்படும் விண்ணப்பங்களில் பல தப்பிவிடும். அந்த மேசைக்குத் தோட்டத்திலிருந்து வரும் தமிழ்ப் பெற்றோரையும் அழையுங்கள். அவர்களுடைய பிள்ளையும் நம்முடைய பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்து படிக்கிறார்கள்.

ஒரு விடயத்தை மனம் வருந்தினாலும் சொல்லியாக வேண்டும். நகரத்து உறவினரின் முகவரியில் பொய் வாடகைப் பத்திரம் எழுதிப் பிள்ளையைச் சேர்ப்பது நம்மிடையே கெட்டிக்காரத்தனமாகப் பேசப்படுகிறது. பொய்ச் சாட்சியம் மார்க்கத்தில் எவ்வளவு பாரதூரமானது என்பதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பத்திரத்தால் பறிபோகும் இடம் பெரும்பாலும் உறுதியே இல்லாத இன்னொரு ஏழைப் பிள்ளையினுடையது. நீதி வேண்டும் என்று கேட்கிறவன் தனக்குப் பாதகமான இடத்திலும் நீதியோடு நிற்க வேண்டும்.

அடுத்த வருடத்துக்கான தரம் ஒன்றுச் சுற்றுநிருபம் வெளிவரும் முன், மஸ்கெலியா, நோர்வூட், ஹட்டன் பகுதிகளின் பள்ளிவாசல் சம்மேளனங்களும் கோயில் நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து, மேற்சொன்ன நான்கு கோரிக்கைகளை ஒரே கடிதமாகக் கல்வி அமைச்சுக்கும் மத்திய மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் அனுப்ப வேண்டும். தனித்தனியாகப் போனால் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு காரணம் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒன்றாகப் போனால், இன்ஷா அல்லாஹ், பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும்.